கற்பித்தலும் படைத்தலும்: யாழ்ப்பாணத்துச் சித்திர ஆசிரியர்

கற்றல் எப்போது நிறைவெய்தும் என்னும் வினாவிற்கு நன்னூலார் கணக்கிட்டே விடை கூறினார். ஆசிரியன் உரைத்ததை நன்கு கேட்டவன் பெறுவது காற்கூறே. உடன் பயில்வோரோடு பழகுதலால் மற்றொரு காற்கூறு வந்து சேரும். எஞ்சிய அரைக்கூறோ, தான் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் கைகூடும். புலமையிற் சரிபாதி கற்பித்தலால் வருவது என்னும் இக்கணக்கு நூற்கல்விக்குப் பொருந்துமென்பதை ஆசிரியத் தொழில் புரிந்தோர் அறிவர். கண்ணும் கையும் ஒருங்கே தொழிற்படவேண்டிய ஓவியக் கலைக்கும் அது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பொருந்தாது என்பாரும் உளர். அவர்க்குத் துணையாவதும் அந்நூலே. ஆசிரியராகத் தகாதவர்க்கு உவமை கூறுமிடத்து முடத்தெங்கை அது காட்டுகின்றது. நீர் வார்த்து வளர்த்தவன் வளவை விட்டு, அயலான் வளவிற் காய்களை வீழ்த்துவது அம்மரம். நாள் முழுவதும் வகுப்பறையில் நின்று, அந்தியில் அயர்ந்து வீடு திரும்பும் சித்திர ஆசிரியனும் அத்தகையவனே. அவனை வளர்த்த கலைக்கு அவனால் விளைவது யாதுமில்லை என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தை யாழ்ப்பாணத்து வரலாற்றில் வைத்துச் சோதித்தல் தகும். இங்கு ஓவியம் வாங்குவோர் அரியர். ஓவியத்தால் மட்டும் வாழ்தல் இயலாத காரியம். ஆதலின் நவீன ஓவியம் பாடசாலை வழியாகவே இந்நாட்டில் வேரூன்றியது. இலங்கையின் சித்திர வித்தியாதரிசியாக விளங்கிய வின்சரின் பெயரால் 1938ஆம் ஆண்டில் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் ஒரு கழகம் நிறுவினார். சித்திரம் கற்பிப்போர் ஒருங்குகூடித் தாமும் வரைவதற்கு அது இடமாயிற்று. பின்னர் 1959ஆம் ஆண்டில் ஓவியர் அ. மாற்கு முதலியோர் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தொடங்கினர். அப்பெயரே ஆசிரியர் வாழ்வின் நெருக்கடியைப் புலப்படுத்துகின்றது: படைத்தற்குக் கிடைத்த காலம் பாடசாலை விடுமுறையே. ஆயினும், உடன் பயில்வோரால் வரும் அந்தக் காற்கூற்றை அவர்கள் இழக்க விரும்பவில்லை என்பதும் அப்பெயராலேயே விளங்கும். கற்பித்தலால் வரும் அரைக்கூறும் இதனைத் துணைக்கொண்டே பயன் தரும்.

1933ஆம் ஆண்டு குருநகரிற் பிறந்த மாற்கு, சித்திர ஆசிரியராகவே வாழ்ந்தவர். அவர்தம் படைப்புக்களை நோக்குவோர்க்கு முதலிற் புலனாவது, ஒரு பாணியில் நிலைத்து நில்லாத சோதனை நாட்டமாகும். கோடு, வண்ணம், ஊடகம் ஆகிய யாவற்றையும் அவர் மீண்டும் மீண்டும் மாற்றிப் பார்த்தார். 1987ஆம் ஆண்டு வெளிவந்த அவர் பற்றிய நூலுக்குத் 'தேடலும் படைப்புலகமும்' எனப் பெயரிட்டமை சாலப் பொருத்தமே. இத்தேடலுக்கும் ஆசிரியப் பணிக்கும் தொடர்பில்லை எனக் கூறல் எளிதன்று. தான் முடிந்த முடிபாகக் கொண்ட ஒன்றை ஒரு சிறுவன் 'ஏன்?' என வினவுங்கால், ஆசிரியன் அதனை மீள ஆராய வேண்டியவனாகின்றான்.

ஆனால், அவ்வினா எழுவதற்கு வகுப்பறை இடந்தரவேண்டும். புளியங்கூடலில் ஒரு வகுப்பை எண்ணிப் பார்க்க. சாளரத்துக்கு வெளியே பனைகள் நிற்கின்றன, ஒன்றைப்போல் ஒன்றில்லை. கரும்பலகையிலோ ஆசிரியன் வரைந்த பனை ஒன்று உளது. முப்பது பிள்ளைகளும் அதனைப் பார்த்தே வரைவராயின், இழப்பு அவர்க்கு மட்டுமன்று. தன் கோட்டையே முப்பது முறை திரும்பக் கண்டு திருத்தும் ஆசிரியனும் மெய்ப்பனையைக் காணும் கண்ணை இழக்கின்றான். மாறாக, பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று வரையச் செய்வானாயின், தான் கண்டறியாத முப்பது பனைகளை அவன் காண்பான்.

சென்னை ஓவியக் கல்லூரியின் வரலாறும் இதனை வலியுறுத்தும். 1929 முதல் 1957 வரை அதன் தலைவராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையை அமைத்தவர். உடலுறுப்புக்களின் உண்மை வடிவைப் போற்றியவர். அவர்பாற் பயின்று, அவருக்குப்பின் தலைமையேற்ற கே. சி. எஸ். பணிக்கரோ, 1963 அளவில் எழுத்தும் சமன்பாடும் சோதிடக் கட்டமும் கலந்த குறியீட்டு ஓவியத்திற்குச் சென்றார். ஆசிரியரின் பாணி மாணாக்கரைக் கட்டவில்லை. பணிக்கர் மேலும் ஒன்றை உணர்ந்தார்: பயின்று வெளியேறுவோர்க்குப் பிழைப்பில்லையேல் கல்வி வீணாம். கைவினைப் பொருள்களால் ஊதியம் ஈட்டியவாறே ஓவியமும் சிற்பமும் படைத்தற்குரிய சோழமண்டலம் 1966ஆம் ஆண்டில் அவ்வாறு தோன்றியது.

யாழ்ப்பாணத்திலோ அத்தகைய காப்பிடம் அமையவில்லை. போராலும் 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வாலும் மாற்குவின் ஓவியங்கள் பல அழிந்தன. 2000ஆம் ஆண்டில் அவரும் மறைந்தார். அவர் மாணாக்கர் எஞ்சியுள்ளனர் என ஆறுதல் கூறுவாருண்டு. அது பாதி உண்மையே. மாணாக்கர் தம் ஓவியங்களையே வரைவர். ஆசிரியனின் அழிந்த ஓவியத்தை மீளத் தருதல் அவராற் கூடாது. அங்ஙனம் தருவராயின் அவர் நன்கு கற்பிக்கப்பட்டவருமல்லர்.

எனவே, முடத்தெங்கு என்னும் பழி ஆசிரியனை மட்டும் சாராது. கற்பிக்கும் கைக்கு வரையும் பொழுதை அளிக்காத பாடசாலையும், வரைந்ததைப் பேணிவைக்காத சமுதாயமும் அம்மரத்திற்கு நீர் வார்த்தோம் என உரிமை கூறுதல் யாங்ஙனம்?