ஒன்றரை மீட்டர் தூரமும் எஃப்/1.4 மோகமும்

இன்றைய கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணின் தனிப்படம் ஒன்று தவறாமல் இருக்கும். கேமராப் பக்கம் திரும்பிய கண்ணின் இமை முடிகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். நெற்றிச்சுட்டியின் கல் பளிச்சென்று தெரியும். ஆனால் காதில் தொங்கும் ஜிமிக்கி பொன்னிறத் திட்டாகக் கரைந்திருக்கும். தலையில் சூடிய மல்லிகைச் சரத்தில் ஒரு மொட்டுக்கூடத் தனியாகத் தெரியாது. பின்னால் மண்டபத்து சீரியல் பல்புகள் வட்ட வட்டமாக மிதக்கும். நகைக்குப் பணம் கொடுத்த அம்மா, “ஜிமிக்கி ஏன் தெளிவா விழல?” என்பார். “அதுதாம்மா பொக்கே” என்று பதில் வரும். ஃபோகஸுக்கு வெளியே விழும் இந்த மங்கலைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இந்த வகைப் படத்தை எடுப்பது பெரும்பாலும் 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ், துளை முழுதாகத் திறந்த நிலையில் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது). 85 முதல் 135 மி.மீ. வரையிலான, பெரிய துளை கொண்ட நடுத்தர டெலி லென்ஸ்களைத்தான் ‘போர்ட்ரெய்ட் லென்ஸ்’ என்று தொழிலில் சொல்கிறார்கள். இவற்றால் கிடைப்பவை மூன்று: எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் நிற்கும் தூரம், கூடுதல் வெளிச்சம், பின்னணி மங்கல். முகப்படத்துக்கு அவை பயன்படும் வரிசையும் இதுதான். விளம்பரங்களும் யூடியூப் விமர்சனங்களும் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, மங்கலை முதலில் வைத்து விற்கின்றன. புதிதாக லென்ஸ் வாங்குபவர் பணத்தைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் தூரம். டெலி லென்ஸ் முகத்தை ‘அமுக்கி’ அழகாக்கும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் முகத்தின் அளவு விகிதத்தை மாற்றுவது லென்ஸ் அல்ல, கேமரா நிற்கும் இடம். 2018-இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வு, 30 செ.மீ. தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் ஆணின் மூக்கு, ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்த படத்தைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிவதைக் காட்டியது. தலையும் தோளும் அடங்கும் படத்தை ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸால் எடுக்க, சுமார் 60 செ.மீ. வரை நெருங்க வேண்டும். அதே படத்துக்கு 85 மி.மீ. லென்ஸ் எடுப்பவரை 1.4 மீட்டருக்குத் தள்ளி நிறுத்துகிறது. மூக்கு மூக்கின் அளவில் இருப்பதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். அதே ஒன்றரை மீட்டரில் நின்று 35 மி.மீ. லென்ஸில் எடுத்து, நடுப்பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டாலும் முகம் அச்சாக அப்படியே இருக்கும். என்ன, 45 மெகாபிக்சல் படத்தில் ஏழரை மெகாபிக்சல்தான் மிஞ்சும்.

ஆக, இந்த லென்ஸின் முதல் சிறப்பு அதன் மில்லிமீட்டரிலேயே இருக்கிறது. எஃப்/1.8 லென்ஸாக இருந்தாலும் எஃப்/1.2 லென்ஸாக இருந்தாலும் தூரம் ஒன்றுதான்.

இரண்டாவது, வெளிச்சம். பெரிய துளை தேவைப்பட்டதற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. 1839-இல் டாகுவேரியோடைப் என்ற புகைப்பட முறை அறிவிக்கப்பட்டபோது, அன்றைய லென்ஸ் வழியே முகத்தைப் பதிய, வெயிலில் நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. மறு ஆண்டே வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர், சுமார் எஃப்/3.7 துளை கொண்ட முகப்பட லென்ஸைக் கணக்கிட்டு வடிவமைத்தார். அந்தக் கணக்குகளைப் போட ஆஸ்திரிய பீரங்கிப் படையின் கணக்கர்கள் உதவியதாகச் சொல்வார்கள். ஃபோக்ட்லேண்டர் நிறுவனம் தயாரித்த அந்த லென்ஸ் முந்தையதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஒளியை உள்ளே விட்டது. உட்காரும் நேரம் ஒரு நிமிடத்துக்குள் வந்தது. படத்தின் நடுவில் கூர்மை, ஓரங்களில் சுழன்றாற்போன்ற மங்கல் என்பது அதன் குறை. முகம் நடுவில்தானே இருக்கிறது என்பதால் யாரும் கவலைப்படவில்லை. 2013-இல் லோமோகிராஃபி நிறுவனம் பித்தளை உடலோடு பெட்ஸ்வால் லென்ஸை மறுபடி விற்றபோது, வாங்கியவர்கள் அந்தக் குறைக்காகவே வாங்கினார்கள்.

இன்று நிலைமை வேறு. எஃப்/1.8 லென்ஸில் ஐஎஸ்ஓ 1600 வைத்து எடுக்கும் படத்தை எஃப்/1.4 லென்ஸில் ஐஎஸ்ஓ 1000 வைத்து எடுக்கலாம். வித்தியாசம் அவ்வளவுதான். கோடாக்குரோம் 64 ஃபிலிம் போட்டு எடுத்த காலத்தில் இது பெரிய லாபம். இப்போதைய சென்சார்களில் இந்த இரண்டு படங்களையும் அச்சிட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது எதுவென்று அனுபவசாலிகூடத் தடுமாறுவார்.

மிச்சமிருப்பது மங்கல். இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கடையில் யாரும் சொல்வதில்லை. 85-ஐ 1.4-ஆல் வகுத்தால் 60.7. லென்ஸின் துளை அத்தனை மி.மீ. விட்டம் கொண்டது. வெகு தொலைவில் எரியும் விளக்கு ஒன்று படத்தில் மங்கல் வட்டமாக விழும்போது, முகத்தை அளக்கும் அதே அளவுகோலில் அந்த வட்டமும் ஏறத்தாழ 60 மி.மீ. இருக்கும். அதாவது கன்னத்தில் ஒட்டிப் பார்த்தால் பாதி முகத்தை மறைக்கும் அளவு. ஃபோகஸ் முகத்தில் இருக்கும்வரை, எத்தனை அடி தள்ளி நின்று எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸுக்கு இது 47 மி.மீ., 135 மி.மீ. எஃப்/1.8 லென்ஸுக்கு 75 மி.மீ., கைக்கடக்கமான 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸுக்கு 28 மி.மீ.

பின்னணி பக்கத்தில் இருந்தால் வட்டம் சுருங்கும். ஆள் கேமராவிலிருந்து இரண்டு மீட்டரில் நிற்கிறார், அவருக்கு ஒரு மீட்டர் பின்னால் சுவர் என்று வைத்துக்கொள்வோம். எஃப்/1.4 லென்ஸிலும் மங்கல் 20 மி.மீ.தான் கிடைக்கும். அதே ஆளைச் சுவரிலிருந்து ஆறு மீட்டர் முன்னால் கூட்டிவந்து நிறுத்தினால், எஃப்/1.8 லென்ஸே 35 மி.மீ. தந்துவிடும். மூன்று மடங்கு, சில நேரம் நான்கு மடங்கு விலை கொடுத்து வாங்கும் மங்கலைவிட, பத்துப் பதினைந்து அடி நடந்து கிடைக்கும் மங்கல் அதிகம்.

மங்கலின் மறுபக்கம் கூர்மையின் ஆழம். ஒன்றரை மீட்டரில் 85 மி.மீ. எஃப்/1.4-இல் கூர்மையாக விழும் பகுதி சுமார் இரண்டரை செ.மீ. கண்ணுக்கும் காதுக்கும் இடையே அதைவிடப் பல மடங்கு தூரம் இருப்பதால் ஜிமிக்கி தப்பிக்க வழியே இல்லை. தாலி கட்டும் நேரத்தில் இது இன்னும் மோசமாகும். இரண்டரை மீட்டரில் நின்றாலும் கூர்மை ஏழு செ.மீ. தாண்டாது. மணப்பெண் குனிந்திருக்கிறாள், மாப்பிள்ளை அவளுக்குப் பின்புறமாகக் கையை நீட்டுகிறார், மூன்றாம் முடிச்சுக்கு நாத்தனார் தயாராக நிற்கிறாள். இத்தனை பேரில் ஒருவர் முகம்தான் தெளிவாக விழும். எஃப்/4-க்கு இறக்கினால் 20 செ.மீ. கிடைக்கும். அனுபவமுள்ளவர்கள் அந்த நேரத்தில் ஜூம் லென்ஸை எடுத்து எஃப்/4, எஃப்/5.6 என்று பாதுகாப்பாகப் போய்விடுகிறார்கள். எஃப்/1.4 என்று பொறித்த லென்ஸுக்குக் கடன் கட்டிக்கொண்டிருப்பவருக்கு மட்டும் அதை எஃப்/4-இல் வைக்க மனசு வராது.

ஒரு விஷயத்தில் நியாயமாகப் பேச வேண்டும். துளையை முழுதாகத் திறந்து எடுக்கக் கூடாது என்று மூத்தவர்கள் முன்பு சொன்னதற்குத் தொழில்நுட்பக் காரணம் இருந்தது. டிஎஸ்எல்ஆர் கேமராவில் ஃபோகஸ் ஒரு செ.மீ. பிசகினால் கண் போய் மூக்கு கூர்மையாகும். 1989-இல் வந்த கேனானின் 85 மி.மீ. எஃப்/1.2 லென்ஸ் அழகான படம் தரும், ஆனால் ஃபோகஸ் ஆமை வேகம் என்று பெயர் வாங்கியது. மிரர்லெஸ் கேமராக்கள் கண்ணைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடர ஆரம்பித்த பிறகு அந்தப் பயம் பெருமளவு தீர்ந்துவிட்டது. இப்போது மிஞ்சியிருப்பது ரசனை பற்றிய கேள்விதான்.

அந்தக் கேள்வியும் புதிதல்ல. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரான் 1863-இல், தம் 48-ஆம் வயதில், முதல் கேமராவைக் கையில் எடுத்தார். பெரிய கண்ணாடித் தகடு, நெருங்கிய தூரம், நீண்ட நேரம் திறந்திருக்கும் லென்ஸ் என்று அவர் எடுத்த முகங்களில் கூர்மை ஓரிடத்தில் நின்று மற்றதெல்லாம் உருகியது. அக்காலப் புகைப்பட இதழ்கள் அதைக் கவனக்குறைவு என்று கடிந்தன. அவரோ கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் வேண்டுமென்றே நிறுத்திக்கொண்டார். 1875-இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879-இல் அங்கேயே இறந்தார். களுத்துறையில் அவர் உள்ளூர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் எடுத்த படங்கள் சில இன்றும் இருக்கின்றன. எது உருக வேண்டும், எது நிற்க வேண்டும் என்று படத்துக்குப் படம் அவர் முடிவு செய்தார். இன்றைய எஃப்/1.4 பழக்கத்தில் அந்த முடிவைக் கேமராப் பை முன்கூட்டியே எடுத்துவிடுகிறது.

உலகம் அதிகம் பார்த்த முகப்படங்களில் ஒன்று, ஸ்டீவ் மெக்கரி 1984-இல் பெஷாவர் அருகே அகதிகள் முகாமில் எடுத்த ஆப்கன் சிறுமியின் படம். அடுத்த ஆண்டு ஜூன் மாத நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் வந்தது. லென்ஸ், நிக்கானின் 105 மி.மீ. எஃப்/2.5. அதை முழுதாகத் திறந்தாலும், அதே அளவு முகத்துக்கு 85 மி.மீ. எஃப்/1.4 தருவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆழம் கிடைக்கும். கண்கள் பேசப்பட்ட அளவுக்கு, போர்வையின் கிழிசலும் அந்தப் படத்தில் பேசியது. அந்தச் சிறுமியிடம் முறையாக அனுமதி வாங்கப்பட்டதா என்ற சர்ச்சை தனி. லென்ஸைப் பற்றிய பாடத்தை அது மாற்றாது.

பின்னணி படத்துக்கே உயிராகும் முகப்படங்களும் உண்டு. 1946-இல் ஆர்னால்ட் நியூமன் எடுத்த ஸ்ட்ராவின்ஸ்கி படத்தில் இசையமைப்பாளர் ஒரு மூலையில் சிறிதாக இருக்கிறார். சட்டத்தை நிறைப்பது பியானோவின் மூடி. தயானிதா சிங்கின் ‘பிரைவசி’ நூலில் குடும்பங்கள் தங்கள் வீட்டுக்குள் நிற்கின்றன. அலமாரி, சோஃபா, சுவர்ப் படம் எல்லாம் சேர்ந்துதான் அவர்கள் யார் என்று சொல்கின்றன. இவற்றை எஃப்/1.4-இல் கரைத்தால் படமே இல்லை. நம்மூரில் கோயில் பிரகாரத்திலும் செட்டிநாட்டு வீட்டு முற்றத்திலும் வாடகை கட்டி, அனுமதி வாங்கி, ‘பிரீ வெட்டிங்’ ஷூட் நடத்துகிறார்கள். பிறகு அந்தத் தூணையும் முற்றத்தையும் அடையாளம் தெரியாத பழுப்பு நிறமாக்கிக் கொடுக்கிறார்கள். அதற்கு ஊரின் ஏதாவது ஒரு மரத்தடி போதும்.

இதற்கிடையில் மங்கலின் மதிப்பும் இறங்கிவிட்டது. 2016-இல் ஐபோன் 7 பிளஸ் ‘போர்ட்ரெய்ட் மோட்’ கொண்டுவந்தது. மறு ஆண்டு கூகுள் பிக்சல் 2 ஒரே பின்பக்கக் கேமராவை வைத்து அதைச் செய்தது. கலைந்த முடியிலும் கண்ணாடி விளிம்பிலும் அந்தப் போலி மங்கல் சொதப்பும். என்றாலும் வாட்ஸாப்பில் படம் பார்க்கும் சித்தப்பாவுக்கு அது தெரியப்போவதில்லை.

அப்படியானால் எஃப்/1.4, எஃப்/1.2 லென்ஸ்கள் வீண்தானா? இல்லை. தலை முதல் கால் வரை ஆளை எடுக்க 85 மி.மீ.யோடு ஐந்து மீட்டர் தள்ளி நிற்கும்போது கூர்மை சுமார் 29 செ.மீ. ஆழத்துக்கு இருக்கும். ஆள் முழுதும் தெளிவாக, தெருவும் கூட்டமும் மெல்ல விலகும் அந்தப் படத்தைப் போனும் உருப்படியாகத் தராது, சாதாரண ஜூமும் தராது. தவிர, நல்ல எஃப்/1.4 லென்ஸ் எஃப்/2-இல் காட்டும் நிதானம், ஓரம் வரை சீரான வெளிச்சம், முடிக்கும் தோலுக்கும் இடையே மென்மையான மாற்றம் ஆகியவை விலை குறைந்த லென்ஸ்களில் எப்போதும் கிடைப்பதில்லை.

குறைகளைச் சோதிக்க ஒரு மல்லிகைச் சரமே போதும். கறுத்த கூந்தலில் வெள்ளைப் பூ என்பது லென்ஸுக்குக் கடினமான பரீட்சை. துளையை முழுதாகத் திறந்து எடுத்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஃபோகஸுக்கு முன்னால் இருக்கும் பூக்களின் விளிம்பில் ஊதா நிறமும் பின்னால் இருப்பவற்றில் பச்சையும் கசிவது தெரியும். சீரியல் பல்புகளின் வட்டத்துக்குள் வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கின்றனவா, ஓரத்து வட்டங்கள் பூனைக்கண்ணாக நெளிகின்றனவா என்றும் பார்க்கலாம். இதையெல்லாம் விமர்சன வீடியோவில் பார்ப்பதைவிட, லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து நேரில் பார்ப்பது நல்லது.

எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சோனியின் 85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் 371 கிராம். 2016-இல் வந்த அதன் எஃப்/1.4 அண்ணன் 820 கிராம். 2024-இன் இரண்டாம் பதிப்பு 642-க்கு இளைத்தது. நிக்கான், கேனான் இரண்டின் புதிய எஃப்/1.2 லென்ஸ்களும் ஒரு கிலோவைத் தாண்டுகின்றன. விடியற்காலை முகூர்த்தம் முதல் இரவு ரிசப்ஷன் வரை அதைத் தூக்குவது ஒரே மணிக்கட்டு.

135 மி.மீ. இன்னும் அழகாகப் பிரித்துக் காட்டும். ஆனால் முழு உருவத்துக்குச் சுமார் எட்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அங்கிருந்து “கொஞ்சம் இடப்பக்கம் பாருங்க” என்று நாதஸ்வரத்தை மீறிக் கத்த வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் 85 மி.மீ.க்கே முழு உருவம் அடங்காது. கிராப் சென்சார் கேமரா வைத்திருப்பவர் 85-ஐ மாட்டினால் கிட்டத்தட்ட அந்த 135-இன் பார்வையே கிடைக்கும். அவருக்கு 160 கிராம் எடையுள்ள கேனான் 50 மி.மீ. எஃப்/1.8 போன்ற ஒன்றே 80 மி.மீ. வேலையைச் செய்துவிடும், மங்கலுக்கு ஆளைச் சுவரிலிருந்து விலக்கி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஃபுல் ஃப்ரேம்காரருக்கு எஃப்/1.8 போதும். வெளிப்புற ஷூட்டில் முழு உருவப் படம் வேண்டும் என்று யாராவது கேட்டு, அதற்கென்று தனியாகப் பணமும் கொடுத்தால், அன்றைக்கு மட்டும் எஃப்/1.4-ஐ வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.