தராசின் மறுதட்டு

மழைக்கு எழுபது விழுக்காடு வாய்ப்பு என்று அறிவிப்பு வருகிறது, மழை பெய்யவில்லை. உடனே அறிவிப்புப் பொய்த்தது என்கிறோம். பெய்துவிட்டாலோ பலித்தது என்கிறோம். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். வாய்ப்பைக் கூறும் கூற்றை ஒரே நாளைக் கொண்டு எடைபோட இயலாது. பல நாள்களின் கணக்கே அதன் தரத்தைக் காட்டும்.

அக்கணக்கிலும் ஏமாற்றம் உண்டு. 1884இல் அமெரிக்காவின் ஃபின்லி, சுழற்காற்று பற்றித் தாம் அளித்த 2803 முன்னறிவிப்புகளில் 96.6 விழுக்காடு சரியென்று காட்டினார். ஒவ்வொரு முறையும் 'வராது' என்றே கூறியிருந்தால் 98.2 விழுக்காடு சரியாகியிருக்கும் என்பதை விமர்சகர்கள் எடுத்துக்காட்டினர். எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே திறனாய்வின் உயிர் என்பது அன்றே புலப்பட்டது.

1950இல் பிரையர் ஓர் அளவையைத் தந்தார். மழை பெய்தால் 1, பெய்யாவிடில் 0 எனக் கொண்டு, கூறிய வாய்ப்புக்கும் நிகழ்ந்ததற்குமான வேறுபாட்டின் வர்க்கங்களைச் சராசரியாக்குவது அம்முறை. அச்சராசரியை, நீண்டகாலச் சராசரியை மட்டும் நம்பியிருந்தால் நேரும் பிழையால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் கிடைப்பதே திறன். சுழியம் வந்தால் புதிய அறிவு ஏதுமில்லை. அதற்கும் கீழே சென்றால் பழைய சராசரியே மேல்.

மதுரைச் சமவெளிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். இங்கு பிப்ரவரி வறண்டது, அக்டோபர் ஈரமானது. எடுத்துக்காட்டாக, மழைநாளுக்கான வாய்ப்பு முன்னதில் 5, பின்னதில் 40 விழுக்காடு எனக் கொள்வோம். இவ்விரு எண்களையே நாள்தோறும் திருப்பிச் சொல்பவரை இரு மாதங்களின் பொதுச் சராசரியான 22.5 விழுக்காட்டோடு ஒப்பிட்டால், அவருக்கு ஏறத்தாழ 0.18 திறன் இருப்பதாகக் கணக்குக் காட்டும். உண்மையில் அவர் அறிந்திருப்பது நாள்காட்டி மட்டுமே. அந்தந்த மாதச் சராசரியோடு ஒப்பிட்டால் அத்திறன் சுழியமாகிவிடும்.

இந்திய வானிலைத் துறை, பருவமழை முன்னறிவிப்பில் ஒவ்வொரு வகைக்கும் தன் வாய்ப்போடு நீண்டகால வாய்ப்பையும் அருகிலேயே அச்சிடுவது பாராட்டத்தக்க நேர்மை. ஆயினும் நாடு முழுமைக்குமான அளவை திருமங்கலத்துக் கரிசலில் மானாவாரிப் பருத்தி விதைப்பவருக்கோ, மேலூர்க் கண்மாயை நம்பியிருப்பவருக்கோ போதாது. அவர் கேட்பது தம் வட்டாரத்தின், தம் மாதத்தின் திறன். விதைநெல்லையும் கடனையும் ஒரு வாய்ப்பின்மீது வைப்பவர் அவரே. ஆகவே முன்னறிவிப்பைப் புகழ்வோரும் இகழ்வோரும் முதலில் மறுதட்டில் என்ன எடைக்கல் வைத்தார்கள் என்று கூறட்டும். அதைக் கூறாத விழுக்காடு எதுவாயினும், நாம் அதை ஏற்கக் கடமைப்பட்டவர்கள் அல்லர்.