நான்காம் வேற்றுமை மக்கள்

ஹட்டன் நகருக்கு அண்மையில் நான் பணிபுரியும் பாடசாலையில் பத்தாந் தர மாணவர்க்கு வேற்றுமை கற்பிக்க வேண்டியிருந்தது. பாடநூலில் உள்ள 'இராமன் வாளால் வெட்டினான்' போன்ற உதாரணங்களில் அவர்களுக்குச் சுவை ஏற்படவில்லை. ஆகவே, மலையகத்தில் தொண்டாற்றும் சர்வதேச சமூக அபிவிருத்தி நிறுவனமொன்றின் ஆண்டறிக்கையிலிருந்து சில வாக்கியங்களைத் தமிழாக்கிக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டுவதில்லை. இவ்வகை அறிக்கைகளுக்கெல்லாம் பொதுவானதொரு நடை உண்டு. அந்நடையிலேயே அதுவும் எழுதப்பட்டிருந்தது.

அறிக்கையின் முதற்பக்கத்தில் ஆலோசனைச் சபையினர் வீற்றிருந்தனர். ஓய்வுபெற்ற தூதுவர் ஒருவர், பேராசிரியர் ஒருவர், வங்கியொன்றின் முன்னாள் பணிப்பாளர் ஒருவர், வணிகப் பிரமுகர் இருவர். ஒவ்வொருவருக்கும் பெயருண்டு, பட்டமுண்டு, படமுண்டு. அவர்கள் வழிகாட்டுகின்றனர், நெறிப்படுத்துகின்றனர், மதிப்பிடுகின்றனர். அந்தப் பக்கத்து வாக்கியங்கள் யாவற்றிலும் அவர்களே எழுவாய். அடுத்த பக்கங்களில் கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் சிரித்துக்கொண்டிருந்தனர். அவர்களுக்குப் பெயரில்லை. 'தொழிலாளருக்கு மலசலகூடங்கள் வழங்கப்பட்டன'. 'தாய்மாருக்குப் போசாக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது'. 'சிறாருக்குப் புத்தகப் பைகள் பகிர்ந்தளிக்கப்பட்டன' என்று இப்படியே போயிற்று.

பெயர்ச்சொற்களின் கீழ்க் கோடிட்டு வேற்றுமை கூறுக என்றேன். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், எங்க அம்மாமாரெல்லாம் கடைசிவரைக்கும் நாலாம் வேற்றுமையிலயே நிக்கிறாங்களே" என்றாள். வகுப்புச் சிரித்தது. எனக்கோ அவ்வார்த்தை பல நாட்களாக மனத்தை விட்டகலவில்லை. நன்னூலார் நான்காம் வேற்றுமைக்குரிய பொருள்களை அடுக்கும்போது கொடையை முதலில் வைக்கிறார். அதனையடுத்துப் பகையை வைக்கிறார். கொடை என்றென்றும் ஒருவழிப்பட்டதாகவே இருக்குமானால், அதன் பக்கத்தில் பகை வந்து நிற்பதில் வியப்பில்லை.

இது இலக்கிய விமர்சனமாகுமா என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். ஆகும் என்பதே என் துணிபு. ஒரு நாவலில் யார் பேசுகிறார், யார் பேசப்படுகிறார் என்று நுணுகி ஆராய்கின்ற நாம், நம் மக்களைப் பற்றி ஆண்டுதோறும் எழுதப்பட்டுக் கடல் கடந்து வாசிக்கப்படும் உரைநடையை ஆராயாது விடுதல் முறையன்று. அன்றியும், தேயிலையோடு வரும் தொண்டு நிறுவனங்களின் உலகுக்கும் ஒரு நாவலுக்கும் நேரான உறவே உண்டு.

1860-ஆம் ஆண்டு ஒல்லாந்தில் வெளிவந்த 'மக்ஸ் ஹவலார்' என்பது அந்நாவல். 'முல்தாத்தூலி' என்ற புனைபெயரில் அதை எழுதிய எதுவார்ட் டவ்வெஸ் டெக்கர், யாவாத் தீவில் லெபாக் என்னும் பகுதியில் குடியேற்ற அரசின் அதிகாரியாயிருந்து, மக்கள் படும் கொடுமையை மேலிடத்துக்கு முறையிட்டும் பயனின்றி, 1856-இல் பதவியைத் துறந்தவர். யாவாவின் குடியானவர்கள் ஒல்லாந்து அரசுக்காகக் கோப்பி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்ட காலம் அது. நம் மலைகளிலும் அன்று கோப்பியே செழித்திருந்தது. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் கோப்பித் தோட்டங்களுக்கே நடந்தார்கள். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதும், 1869-இல் இலைநோய் கோப்பியைத் தாக்கத் தொடங்கியதும் அதன் பின்னரே. ஆகையால் இந்நாவல் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

அந்நாவலின் கட்டமைப்பு இன்றும் வியப்பூட்டுவது. கதையைத் தொடங்குபவன் ஹவலார் அல்லன். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கோப்பித் தரகனான துரோக்ஸ்டோப்பல் என்பவன். வறிய பள்ளித்தோழன் ஒருவன் அவனிடம் காகிதக் கட்டொன்றைச் சேர்ப்பிக்கிறான். கோப்பி வியாபாரத்துக்குப் பயன்படும் நூல் எழுத அது உதவும் என்று தரகன் கணக்கிடுகிறான். எழுதும் வேலையை ஸ்டேர்ன் என்னும் இளைஞனிடம் ஒப்படைக்கிறான். அந்தக் கட்டிலிருந்து ஹவலாரின் போராட்டமும், எருமையைப் பறிகொடுத்த சைஜா என்ற ஏழை இளைஞனின் காதலும் சாவும் வெளிப்படுகின்றன. இறுதியில் ஆசிரியரே உள்ளே நுழைந்து, தரகனையும் இளைஞனையும் விலக்கிவிட்டுத் தாமே பேனாவை எடுத்து, ஒல்லாந்து மன்னனை நேருக்குநேர் விளித்துக் கேள்வி கேட்கிறார். துன்பத்தின் கதை தரகனின் கையிலேயே இருக்கும்வரை அது வியாபாரக் குறிப்பாகவே முடியும் என்ற உண்மையை உருவத்தின் மூலமே உணர்த்தியமை இந்நாவலின் தலையாய சாதனை.

நூல் வெளிவந்த வரலாறு இன்னுமொரு பாடம். வறுமையிலிருந்த டெக்கருக்கு வான் லென்னெப் என்ற செல்வாக்குமிக்க எழுத்தாளர் கைகொடுத்தார். வெளியீட்டுக்கு வழி செய்தார். உரிமையையும் தம்மிடம் எழுதி வாங்கிக்கொண்டார். பின்பு இடப்பெயர்களையும் ஆண்டுகளையும் நீக்கி, அவ்விடங்களில் புள்ளிகளை இட்டார். சாதாரண மக்கள் வாங்கமுடியாத விலையில் நூல் வந்தது. ஆசிரியர் வழக்காடித் தோற்றார். தம் விருப்பப்படி திருத்திய பதிப்பை அவர் 1875-இல்தான் காண முடிந்தது. வான் லென்னெப்பைத் தீயவர் என நான் கூறவில்லை. அவரின்றி நூலே வந்திராமற் போயிருக்கலாம். ஆயினும் உதவி செய்தவரின் ஆலோசனை, உண்மையிலிருந்து ஊர்ப்பெயரைப் பறித்துப் புள்ளி வைத்தது. நம் அறிக்கைகளில் பெயரின்றிச் சிரிக்கும் பெண்களும் அத்தகைய புள்ளிகளே.

நாவலின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஹவலார் நல்ல அதிகாரியே, எனினும் அதிகாரிதான். குடியேற்ற ஆட்சி ஒழிய வேண்டுமென்று அவன் கருதவில்லை. ஒழுங்காக நடக்க வேண்டுமென்றே கருதினான். யாவா மக்கள் அழுகிறார்கள், ஓடுகிறார்கள், சாகிறார்கள், தீர்மானிப்பதில்லை. நீதியின் குரல் மேலிருந்தே வருகிறது. அவர்களும் ஒருவகையில் நான்காம் வேற்றுமையிலேயே நிற்கிறார்கள்.

இந்நாவல் நாயகனின் பெயரே 1988-இல் நெதர்லாந்தில் ஒரு வணிக முத்திரையாயிற்று. மெக்சிக்கோ மலைகளில் சிறு விவசாயிகளோடு வாழ்ந்த பாதிரியார் பிரான்ஸ் வான்டர் ஹொப் முதலியோரின் முயற்சியால், அவ்விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கக் கோப்பிக்கு நியாய விலை தேடிப் பிறந்த முத்திரை அது. இன்று 'ஃபெயார்ட்ரேட்' என உலகறிந்த நியாய வணிக இயக்கத்தின் மூலங்களில் ஒன்று அதுவே. மெக்சிக்கோவில் நிலம் விவசாயியுடையது, சங்கமும் அவனுடையது. அதே இயக்கம் நம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோதோ நிலம், தொழிற்சாலை, சான்றிதழ் யாவும் கம்பெனியுடையனவாயின. தொழிலாளிக்குரியவை இரண்டு கைகள் மாத்திரமே.

இச்சிக்கலுக்கு அவ்வியக்கம் கண்ட விடை கவனிக்கத்தக்கது. முத்திரையோடு விற்கும் தேயிலைக்குக் கிடைக்கும் மேலதிகத் தொகை கம்பெனிக்கன்றித் தொழிலாளருக்கே உரியது. அதை எவ்வாறு செலவிடுவதென்பதைத் தொழிலாளர் தெரிந்தெடுக்கும் குழு தீர்மானிக்க வேண்டும். 2014-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, நிருவாகத்தின் பிரதிநிதிகள் அக்குழுவில் ஆலோசகராக மட்டுமே அமரலாம், வாக்களிக்க முடியாது. ஆலோசனைச் சபையின் நாற்காலிகள் இங்கே இடம் மாறிவிட்டன! கூடை சுமப்பவள் எழுவாயாகிறாள். துரை ஆலோசனை கூறுகிறார். தொண்டுலகம் எழுதிய வாக்கியங்களில் இலக்கணம் திருந்திய வாக்கியம் இதுவெனத் தயங்காமல் கூறுவேன்.

ஆனால் விதியில் திருந்தியது வாழ்க்கையிலும் திருந்திற்றா? மாலைக் கூட்டத்தில் ஆலோசகராக அமரும் அதே நிருவாகமே மறுநாட் காலை பிரட்டுக்களத்தில் வேலை பிரிக்கிறது. தோட்டத்து வழக்கில் 'பேர்' என்பது ஒரு நாட் சம்பளம். நிறை குறைந்தால் அரைப்பேர். அறிக்கையில் பெயரில்லாதவளுக்கு, தோட்டத்தில் பேர் போடுவதும் பிறர் கையில். அவள் குடியிருக்கும் லயம் தோட்டத்துக்குச் சொந்தம். நாளைய பேரையும் இன்றைய கூரையையும் பிறர் கையில் வைத்துக்கொண்டு, அவருடைய ஆலோசனைக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? மேலும் அக்குழுவின் அதிகாரம் மேலதிகத் தொகையோடு நின்றுவிடுகிறது. முத்திரை பெற்ற தோட்டமும் தன் தேயிலையில் பெரும்பகுதியைச் சாதாரணச் சந்தையிலேயே விற்கிறது. சம்பளமும் காணியும் குழுவின் நிகழ்ச்சிநிரலில் இல்லை. நாட்சம்பளம் 1000 ரூபாவாக வேண்டுமென்ற கோரிக்கை ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்ற பின்பே 2021-இல் வர்த்தமானியில் ஏறியது. அதற்கும் எதிராகக் கம்பெனிகள் நீதிமன்றம் சென்றன.

தொண்டு நிறுவனங்கள் இங்கு இத்தனை இடம்பிடித்தது ஏன் என்பதையும் நினைவுகூர வேண்டும். 1948-இல் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. எஞ்சியோரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டமே முடிவு கண்டது. 1987-ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட இடமளிக்கவில்லை. 2018-இல்தான் அது திருத்தப்பட்டது. அரசின் பாதை தோட்டத்து வாயிலோடு நின்றதால், உள்ளே அறக்கட்டளைகளும் அறிக்கைகளும் நுழைந்தன. 1992-இல் தோட்டங்கள் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, வீடமைப்புக்கும் சமூகநலத்துக்குமென அரசும் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த நம்பிக்கை நிதியம் ஒன்று தோன்றியது. பிரஜைக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டியவை இவ்வாறாகப் பயனாளிக்குக் கொடையாயின. கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்களாயிருக்க, தொழிற்சங்கத் தலைமைகளிற் பெண்கள் அரிதாயிருப்பதும் இதே கதையின் இன்னொரு பக்கம்.

வெளியார் யாவரும் வேண்டாதவர் என்பது என் வாதமன்று. 1974-இல் பிரித்தானியத் தொண்டு நிறுவனமான 'வார் ஒன் வாண்ட்' இலங்கைத் தேயிலை பற்றி வெளியிட்ட அறிக்கை, தம் நாட்டுக் கம்பெனிகளின் தோட்டங்களில் நடப்பதை ஆங்கில மக்கள் முன் வைத்தது. அது தொழிலாளிக்கு ஆலோசனை கூறவில்லை. முதலாளியைக் கணக்குக் கேட்டது. மருத்துவரும் கணக்காளரும் பொறியியலாளரும் நமக்குத் தேவையே. ஆயினும் ஆலோசனை என்பது, ஏற்கவும் மறுக்கவும் உரிமையுள்ளவனுக்குக் கூறப்படும்போதே ஆலோசனையாகும். மறுக்கவியலாதவனுக்குக் கூறப்படுவது கட்டளை.

நம் மலையக இலக்கியம் இதனை முன்னரே கண்டுகொண்டது. கோ. நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுக்குள் சென்றார் என்பர். பேசுமுன் கேட்டறிந்தவர் அவர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் அறிந்த மெட்டுக்களிலேயே தொழிலாளரின் உரிமையைப் பாடினார். 1947-இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, 1954-இல் தேயிலைத் தோட்டம் பற்றிய கவிதை நூலை ஆங்கிலத்தில் எழுதினார். அது தமிழில் வரப் பதினைந்து ஆண்டுகள் சென்றன என்பது சிந்திக்கத்தக்கது. யாரைப் பற்றிய நூலோ, அவர்கள் கடைசியாகவே அதை வாசித்தனர். அக்குறையை அவரே உணர்ந்தார் போலும். பின்னர் மக்களின் சொந்தப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தமிழில் 'வீடற்றவன்' நாவலைத் தந்தார். தொழிலாளியின் வேலையும் கூரையும் ஒரே கையில் இருக்கும்வரை அவன் வாயைத் திறக்கும் விலை என்ன என்பதை அந்நூலின் தலைப்பே சொல்லிவிடுகிறது. எந்த ஆலோசனைச் சபையின் ஆண்டறிக்கையும் இவ்வளவு சுருக்கமாக இதைச் சொன்னதில்லை.

ஆகவே, இத்தகைய அறிக்கை கைக்கு வரும்போது, நல்ல நாவலை வாசிக்கும் கண்ணோடு அதை வாசிப்போமாக. எழுவாய் யார் என்று பார்ப்போம். யாருக்குப் பெயர், யாருக்குப் புள்ளி என்று பார்ப்போம். சபையில் அமர்ந்தவரை நீக்கவும், அவர் செலவுக்குக் கணக்குக் கேட்கவும் லயத்து மக்களுக்கு உரிமையுண்டா என்று கேட்போம். இல்லையெனில், அச்சபை எவ்வளவு நல்லோரைக் கொண்டதாயினும் தரகனின் மேசையே.

அன்றைய வகுப்பின் முடிவில், அதே வாக்கியங்களைத் தொழிலாளர் எழுவாயாக வரும்படி மாற்றி எழுதச் சொன்னேன். 'தொழிலாளர் மலசலகூடங்களைக் கேட்டுப் பெற்றனர்' என்று பலரும் எழுதினர். அந்த மாணவி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. காரணம் கேட்டேன். "அப்படி நடக்கலையே சேர். நடக்காததை எழுதினா அதுவும் பொய்தானே?" என்றாள். அவளுக்கு முழுப் புள்ளிகள் இட்டேன்.