படத்தில் வராத குழம்பு

வீட்டுச் சமையலை போட்டோ எடுக்கிறவர்களை நாம் வழக்கமாக ரெண்டு காரணத்துக்காகத் திட்டுவோம். ஒன்று, சோறு ஆறிப் போகுது. இன்னொன்று, எல்லாம் ஊருக்குக் காட்டத்தான். இந்த ரெண்டிலும் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. கோலம் போட்டு முடித்தவர் வாசலில் ஒரு நிமிஷம் நின்று தன் கோலத்தைப் பார்ப்பார் இல்லையா, சமைத்தவருக்கும் அந்த ஒரு நிமிஷம் வேணும். என் விமர்சனம் வேறு. இத்தனை படம் எடுத்தும், வீட்டில் நிஜமாக என்ன சாப்பிட்டோம் என்பது அதில் பதிவாவதில்லை.

என்னிடம் இருக்கிற சான்று என் அக்காவின் படங்கள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். திருநெல்வேலியில் தினமும் அஞ்சு பேருக்குச் சமைக்கிறாள். மொபைல் நிரம்பிப் போச்சு என்று, 2019ல் இருந்து எடுத்த படங்களை பேக்கப் எடுக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்று ஒரு தகவல் பொதி இருக்கும். எடுத்த நேரம், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ எல்லாம் அதில் இருக்கும். வேலைப் பழக்கம் விடுமா? சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது நேரம். ஆரம்பப் படங்கள் மத்தியானம் ஒன்றரை, ராத்திரி எட்டரை என்று, வீடு சாப்பிடுகிற நேரத்தில் எடுத்தவை. டியூப் லைட் வெளிச்சம், குழம்புச் சட்டி, பக்கத்தில் அத்தானின் கை, பாதி கடித்த அப்பளம். வருஷம் போகப் போகப் படங்கள் காலை பதினோரு மணிப் பக்கம் நகர்கின்றன. காரணம் ஜன்னல். பக்கவாட்டில் வருகிற வெளிச்சம்தான் சோற்றுப் பருக்கைக்கு நிழல் கொடுக்கும், எண்ணெய்க்கு மினுமினுப்புக் கொடுக்கும். தலைக்கு மேலே எரிகிற டியூப் லைட்டில் எல்லாம் தட்டையாக விழும். அக்கா இதை எங்கேயும் போய்ப் படிக்கவில்லை, எடுத்து எடுத்துத் தானே கண்டுபிடித்தாள். படங்களின் தரம் நிஜமாகவே ஏறியிருக்கிறது. ஆனால் பதினோரு மணிக்கு அந்த வீட்டில் சாப்பிட யாரும் இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், அத்தான் கடையில். அஞ்சு பேரும் சேர்ந்து உட்காருகிற ராத்திரிச் சாப்பாடு ஃபோல்டரிலிருந்தே காணாமல் போய்விட்டது.

ரெண்டாவது, பண்டம். சொதி ஏராளமாக இருக்கிறது. தேங்காய்ப்பால் வெள்ளையில் கேரட்டும் பீன்ஸும் மிதப்பது கேமராவுக்குப் பிடித்த காட்சி. உளுந்தம்பருப்புச் சோறு? மாசத்துக்கு ரெண்டு தடவையாவது செய்வாள். கறுப்பு உளுந்தின் சாம்பல் நிறம் அதற்கு. பக்கத்தில் வைக்கிற எள்ளுத் துவையல் அதைவிடக் கறுப்பு. கூட்டாஞ்சோறோ குழைந்து ஒரு நிறமாகக் கிடக்கும். முதல் வருஷத்துக்குப் பிறகு இந்த மூன்றும் ஒரு படத்திலும் இல்லை. ஏன் என்று கேட்டேன். “அது படத்துல அசிங்கமா விழுதுடா” என்றாள்.

அசிங்கம் என்று தீர்ப்புச் சொன்னது யார்? அக்காவின் கண் இல்லை. நாம் எல்லோரும் பார்த்துப் பழகிய விளம்பரப் படங்களின் கண் அது. ரோலான் பார்த் 1957ல் வந்த ‘மித்தாலஜீஸ்’ தொகுப்பில், ‘எல்’ என்ற பிரெஞ்சுப் பெண்கள் பத்திரிகையின் வண்ணச் சமையல் படங்களைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருக்கிறார். அந்தப் படங்களில் பண்டத்தின் மேல் பளபளப்பாக ஏதாவது ஒன்று பூசியிருக்கும், அது கண்ணுக்கு மட்டுமான சமையல் என்பது அவர் வாதம். கௌதாரி வாங்க வழி இல்லாத வாசகிக்கு கௌதாரியை அலங்கரிக்கச் சொல்லித் தருகிறார்கள் என்று கிண்டலும் செய்கிறார். அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் விளம்பரத்துக்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டு போட்டு, காய்த் துண்டுகள் மேலே தெரிகிற மாதிரி படம் எடுத்தார்கள். அது அரசின் வர்த்தக ஆணையம் வரை போய் 1970ல் முடிந்தது. சொதிக் கிண்ணத்தில் கேரட்டைக் கரண்டியால் மேலே இழுத்து வைக்கிறோமே, அதுவும் அந்த வேலைதான். கோலிக்குண்டு மட்டும் இல்லை.

இதில் நமக்கென்று இன்னொரு சிக்கல் உண்டு. மேஜையில் தட்டை வைத்ததும் சமையல் முடிந்துவிடுகிற ஊர்களில் பிறந்தது இந்தப் படக்கலை. நம்ம சாப்பாடு அங்கே முடிவதில்லை. சோற்றில் குழம்பை ஊற்றி, நெய் விட்டு, விரலால் பிசையும்போதுதான் பண்டம் முழுமை அடைகிறது. கடைசிக் கட்டச் சமையல் சாப்பிடுகிறவர் கையில் நடக்கிறது. கேமரா அதற்கு முன்னாலேயே படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறது.

வேறு மாதிரி எடுக்க முடியாதா? முடியும். பீட்டர் மென்ஸலும் ஃபெய்த் டி’அலூசியோவும் 2005ல் கொண்டுவந்த ‘ஹங்க்ரி பிளானட்’ புத்தகத்தைப் பாருங்கள். 24 நாடுகளில் 30 குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பமும் ஒரு வாரத்துக்கான மளிகை, காய், இறைச்சி எல்லாவற்றையும் முன்னால் பரப்பி வைத்து நிற்கிறது, பக்கத்தில் செலவுக் கணக்கு. சாட் நாட்டு அகதி முகாமில் இருக்கிற ஒரு குடும்பம், நிவாரண ரேஷன் போக, வாரத்துக்குச் சொந்தமாகச் செலவழித்தது 1.23 டாலர். அந்தப் படத்தில் அலங்காரம் எதுவும் கிடையாது, ஆனால் ஒரு தடவை பார்த்தால் மறக்காது. குறையும் உண்டு. நிற்க வைத்து எடுத்த படங்கள் அவை, அடுப்பில் என்ன ஆனது என்று அவற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் யார் சாப்பிட்டார்கள், எத்தனை பேர், எவ்வளவு காசுக்கு என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறது. நம்ம சொதிப் படத்தில் இந்த மூன்றுமே இல்லை.

படமே இல்லாமலும் பதிவு நிற்கும். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ முதல் பாகம் 1951ல் வந்தது. ஆழாக்கு அளவு, எப்போது என்ன போடணும் என்ற வரிசை, எல்லாம் எழுத்திலேயே. அந்தக் காலத்து ஒரு வகைச் சமையலறை எப்படி இயங்கியது என்று இன்றைக்கும் அதை வைத்து ஊகிக்கலாம். அக்காவின் ஃபோல்டரை மட்டும் வைத்து எழுபது வருஷம் கழித்து ஒருவர் ஆராய்ந்தால் என்ன எழுதுவார்? திருநெல்வேலிக்காரர்கள் காலை பதினோரு மணிக்கு, தனியாக, வெள்ளைக் கிண்ணத்தில் சொதி சாப்பிட்டார்கள் என்றுதான்.

இது சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை. உளுந்தம்பருப்புச் சோறு எங்கள் அம்மா கையில் இருந்து அக்கா கைக்கு வந்தது. அம்மா இப்போது இல்லை. அவள் சமைத்த எதற்கும் எங்களிடம் ஒரு படம்கூட இல்லை, அப்போது வீட்டில் கேமரா கிடையாது. இப்போது ஆளுக்கொரு கேமரா இருந்தும் அதே சோறு பதிவாகாமல் போகிறது என்றால், அதற்குக் காரணம் வசதிக்குறைவு இல்லை, இரவல் வாங்கின ரசனை.

அழகான படங்களை விடச் சொல்லவில்லை. அக்காவுக்கு அதில் கிடைக்கிற சந்தோஷம் நிஜம், அந்தக் கண் அவள் உழைத்துச் சம்பாதித்தது. நான் கேட்பதெல்லாம் வாரத்துக்கு ஒரு ராத்திரிப் படம். டியூப் லைட்டே இருக்கட்டும். ஒரு எட்டுப் பின்னால் போய், ரெண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் தட்டு கோணலாகாது. சாம்பல் நிறச் சோற்றுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பூண்டுப் பல்லையோ தேங்காய்ச் சில்லையோ விட்டுவைத்தால் நிறம் தானாகப் பிரிந்து தெரியும். பிசைந்த பிறகு எடுக்கணும். கைகளும் உள்ளே வரணும்.

அந்த ஃபோல்டரில் ஆகச் சிறந்த படம் எது என்று கேட்டால், 2019ல் ராத்திரி எட்டு நாற்பதுக்கு எடுத்த ஒன்றைத்தான் சொல்வேன். ஐஎஸ்ஓ 1600, புள்ளி புள்ளியாக இருக்கிறது, கொஞ்சம் ஆடியும் இருக்கிறது. நாலு தட்டு, நாலு கை, நடுவில் உளுந்தம்பருப்புச் சோற்றுப் பானை, ஓரத்தில் எவர்சில்வர் சொம்பு. சொம்பின் வளைவில், மொபைலைப் பிடித்தபடி, கரண்டி இன்னொரு கையில், அக்கா சின்னதாகத் தெரிகிறாள். இத்தனை வருஷப் படங்களில் சமைத்தவள் விழுந்திருப்பது இந்த ஒன்றில்தான். ஆடிப்போன படங்களை அழித்து இடம் பண்ணப் போவதாகச் சொல்லியிருந்தாள். இதை மட்டும் ரெண்டு இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிட்டேன்.