பதிப்பாசிரியர் நோக்கும் எழுத்தறிவும் : ஓர் ஆய்விதழை முன்வைத்து

ஆய்விதழில் வெளிவரும் கட்டுரைகளைத் திறனாய்தல் வழக்கம். இதழை நடத்துவோரின் பதிப்பு நோக்கைத் திறனாய்தல் அரிது. எது ஆய்வுப்பொருள், எது அன்று என முதலில் வரையறுப்பவர் பதிப்பாசிரியரே ஆதலின், அந்நோக்கும் ஆய்வுக்குரியதே. உதயப்பூர் வித்யா பவன் சொசைட்டியும் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் இணைந்து 2012 சனவரியில் ஆங்கிலத்தில் தொடங்கிய ‘லேங்குவேஜ் அண்ட் லேங்குவேஜ் டீச்சிங்’ என்னும் அரையாண்டிதழையும், அதன் பதிப்பாசிரியர்களாகிய ரமாகாந்த் அக்னிகோத்ரி, ஏ.எல். கன்னா ஆகியோரின் நோக்கையும் தமிழ்க் கல்வியின் நிலைநின்று மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

அக்னிகோத்ரி தில்லிப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராக விளங்கியவர். 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்புக்கென அமைந்த இந்திய மொழிகள் கற்பித்தல் குழுவின் தலைவர். பன்மொழித்தன்மை மனித இயல்பு என்பதும், குழந்தை வீட்டிலிருந்து கொண்டுவரும் மொழி வகுப்பறைக்குத் தடையன்று, வளமே என்பதும் அவர் தொடர்ந்து வலியுறுத்திவரும் கருத்துகள். இக்கருத்து இதழின் அமைப்பிலேயே வெளிப்படுகிறது. சிறு கட்டுரைகள், நேர்காணல், நூல் மதிப்புரை ஆகியவற்றோடு வகுப்பறைச் செயல்பாடுகளும் ஒரே அட்டைக்குள் இடம்பெறுகின்றன. பல்கலைக்கழகப் பேராசிரியரும் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் அடுத்தடுத்த பக்கங்களில் எழுதத்தக்க இதழ் இந்தியச் சூழலில் எளிதில் அமைவதன்று. ஆயினும் சுருக்கத்திற்கு விலை உண்டு. தரவுகளைப் பரக்க வைத்து நிறுவுவதற்குச் சிறு கட்டுரையில் இடமில்லை. ஆங்கிலத்தில் வெளிவருவதால், எந்த ஆசிரியரை நோக்கிப் பேசுகிறதோ அவர்களுட் பெரும்பாலோர் கைக்கு அது எட்டுவதுமில்லை.

தமிழிதழ்களின் நிலை என்ன? மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ 1902இல் தோன்றியபோது, ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றுவதே தலையாய பணியாயிருந்தது. இரா. இராகவையங்கார் முதலிய பதிப்பாசிரியர்கள் அதனைச் செவ்வனே ஆற்றினர். அதில் குறைகாண இடமில்லை. 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ இதழைத் தொடங்கிய தனிநாயக அடிகள் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தவர். எனினும் அவ்விதழ் தமிழ்ப் பண்பாட்டை உலகறியச் செய்வதையே குறிக்கோளாகக் கொண்டது. குறை பின்வந்த நம்மிடத்திலேயே உள்ளது. தமிழ்த்துறை இதழ்கள் பெருகிய பின்னும், ஒரு குழந்தை தமிழை எங்ஙனம் படிக்கக் கற்கிறது என்னும் வினா கல்வியியல் துறைக்கு உரியதென ஒதுக்கப்பட்டே வந்துள்ளது. அது தமிழாய்வுக்கே உரிய வினா என்பதற்கு ஒரு சான்று போதும்.

அரிச்சுவடியில் இகரத்திற்கு ‘இலை’, உகரத்திற்கு ‘உரல்’ எனப் படத்தோடு காட்டுவது நெடுங்கால வழக்கம். ஆனால் தமிழகத்துப் பேச்சுவழக்கில் பெரும்பாலும் முன்னது ‘எலை’ எனவும் பின்னது ‘ஒரல்’ எனவும் ஒலிக்கின்றன. சொல்லின் முதலசையில் வரும் குறில் இகர உகரங்கள், அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ நிற்பின், முறையே எகர ஒகரங்களாகத் திரிகின்றன (இடம் – எடம், விரல் – வெரல், உடம்பு – ஒடம்பு, முகம் – மொகம்). இடையில் மெய் இரட்டித்தால் இத்திரிபு நிகழ்வதில்லை. ‘இல்லை’ என்பது ‘எல்லை’ ஆவதில்லை. மொழியியலார் நன்கறிந்த விதி இது. அங்ஙனமாயின் இகரத்தை அறிமுகப்படுத்தும் படத்தைப் பார்க்கும் குழந்தையின் வாயில் எழுவது எகரமே. ‘இல்லை’ என்பதைச் சரியாக எழுதும் குழந்தை ‘எலை’ என எழுதுமாயின், அது கவனக்குறைவு அன்று. கேட்ட ஒலியை விதி பிறழாது எழுத்தாக்கிய அறிவு. சிவப்பு மையால் சுழிக்கப்படுவது அவ்வறிவுதான். ‘ஈ’, ‘ஊஞ்சல்’ என்னும் நெடில் பாடங்களில் இவ்விடர்ப்பாடு இல்லை என்பதும் நோக்கத்தக்கது.

பிழை கற்றலின் படிநிலை என்னும் அக்னிகோத்ரியின் கொள்கை இங்குப் பெரிதும் பொருந்துகிறது. எனினும் பன்மொழித்தன்மை என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் எழுவது பல மொழிகள் ஒருங்கு வழங்கும் வகுப்பறையே. ஒரு மொழிக்குள்ளேயே பேச்சும் எழுத்தும் இருவேறு ஒலியமைப்பும் உருபமைப்பும் கொண்டு நிற்கும் இரட்டை வழக்கு அக்கருத்தாக்கத்துக்குப் புறம்பானதன்று. ஆனால் பொதுக் கொள்கையாக அதனை ஏற்பது போதாது. ‘எலை’ எனச் சொல்லும் குழந்தைக்கு இகரத்தை எச்சொல்லால் கற்பிப்பது என்னும் நுண்மையில் அது சோதிக்கப்பட வேண்டும். அச்சோதனைக்குரிய தரவை உதயப்பூரிலிருந்து எதிர்பார்ப்பது முறையாகாது. திரிபு நிகழும் வட்டாரம் எது, நிகழாத வட்டாரம் எது எனப் பகுத்துரைக்க வல்லவர் தமிழ்த்துறையினரே.

அதற்கு நம் இதழ்களின் பதிப்பு நெறியும் இடந்தர வேண்டும். இப்பொருள் பற்றி இக்கட்டுரையாளர் முன்பு ஓர் இதழுக்கு எழுதிய கட்டுரையில், சான்றாகத் தந்த ‘எலை’ என்பதை மெய்ப்புத் திருத்துநர் பிழையெனக் கருதித் திருத்திவிட்டார். “இலை என்பதைக் குழந்தை இலை என எழுதுகிறது” என்றே அக்கட்டுரை அச்சாயிற்று.