தாப்பாள் போடாத வீடு

எங்க அப்பாயி ராத்திரியில கதவுக்குத் தாப்பாள் போட விடமாட்டாள். மார்கழிப் பனியில் நாங்கள் நடுங்கிக்கொண்டு கிடப்போம். "திருடன் வந்தா என்ன பண்றது அப்பாயி?" என்று கேட்டால், "உசுரத் தவிர நம்மகிட்ட திருட என்னடா இருக்கு" என்பாள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்ட கீழவெண்மணிச் சேரியை மிராசுதார்களின் ஆட்கள் தாக்கினார்கள். ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்தவர்களை வெளியே வரவிடாமல் கொளுத்தினார்கள். செத்தது 44 பேர். பெண்கள், பிள்ளைகள், கிழடுகள். அந்தச் சேதி பக்கத்துச் சேரிகளில் எப்படி இறங்கியது என்பதை எங்க வீட்டுக் கதவை வைத்துத்தான் பிற்பாடு புரிந்துகொண்டேன்.

கியெர்மோ டெல் டோரோ என்ற மெக்சிகோக்காரர் எடுத்த 'பான்ஸ் லேபிரிந்த்' (2006) படத்தைப் பார்த்தபோது அந்தக் கதவு நினைவுக்கு வந்தது. கதை 1944இன் ஸ்பெயினில் நடக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்தும் மலைக்குள் சண்டை ஓயவில்லை. ஒபீலியா என்ற சிறுமியின் மாற்றாந்தகப்பன் பாசிச ராணுவ அதிகாரி. சனங்களுக்கு ரொட்டியை அளந்து கொடுத்துவிட்டு, பாதிரியாரோடும் ஊர்ப் பெரிய மனிதர்களோடும் அவன் விருந்து சாப்பிடுகிறான். அந்தப் பிள்ளை நுழையும் மாய உலகத்திலும் நிறைந்த சாப்பாட்டு மேசை முன்னால் ஒரு பூதம் உட்கார்ந்திருக்கிறது. அதற்குக் கண் உள்ளங்கையில். மூலையில் குழந்தைகளின் செருப்புக் குவியல். மேசையும் விருந்தும் இரண்டு உலகத்திலும் ஒன்றுதான். நெல்லைப் படியில் அளந்து போட்டவனைக் களத்துமேட்டில் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பயந்த குழந்தை கற்பனைக்குள் தப்பி ஓடுகிறது என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. பெரியவர்கள் சொல்லத் துணியாத சாட்சியைக் குழந்தை பூதமாக்கிச் சொல்கிறது.

போர் என்றால் விமானமும் குண்டும்தானா? சேரியைச் சுற்றிவளைத்துத் தீ வைப்பதற்கு வேறு என்ன பெயர்?

நம் சினிமா என்ன செய்தது? 'சந்திரமுகி' (2005) படத்தில் பேய் அரண்மனையில் குடியிருந்தது. 'காஞ்சனா' (2011) நிலத்தைப் பறிகொடுத்துக் கொலையுண்ட திருநங்கையை ஆவியாக்கியது. நல்லதுதான். ஆனால் பாதிப்படம் சிரிப்பிலேயே கரைந்துபோனது. வெண்மணியை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' நாவல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' (1983) என்று படமானது. நாவலோ அரைப்படி நெல்லின் அரசியலைப் பண்ணையாரின் ஆண்மைக்குறைவில் கொண்டுபோய்க் கட்டியது. கொன்றவனின் மனசுக்குள் இறங்கிப் பார்க்க எழுத்தாளருக்கு இடமிருந்தது. குடிசைக்குள் இருந்த பிள்ளையின் மனசுக்குள் இறங்க யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றியது தெற்கே. மாரி செல்வராஜின் 'கர்ணன்' (2021) படத்தில் பஸ் நிற்காத ஊரில் ரோட்டிலேயே செத்துப்போகிற சிறுமி, தெய்வ முகமூடி போட்டுக்கொண்டு படம் முழுக்க நடக்கிறாள். 1995இல் போலீஸ் சூறையாடிய கொடியங்குளம் அந்தப் படத்துக்குப் பின்னால் நிற்கிறது. அந்தப் பேயை ஓட்ட எந்த மந்திரவாதியும் வருவதில்லை. காரணம், அது நம் மரபு. கொலையுண்ட மதுரைவீரனையும் காத்தவராயனையும் சாமியாக்கிக் கும்பிட்ட சனங்கள் நாம். கோர்ட்டு கொடுக்காத தீர்ப்பை நாம் கோயிலில் எழுதி வைத்தோம்.

வெண்மணியில் தண்டிக்கப்பட்ட மிராசுதார்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆக, சட்டத்தின் கணக்கில் அந்தப் பிள்ளைகளை யாரும் கொல்லவில்லை. யாரும் கொல்லாமல் செத்தவர்கள் பேயாகத்தானே வரமுடியும்?

தஞ்சைத் தரணி என்றால் கேமரா இன்னமும் பச்சை வயலையும் பெரிய கோயிலையும்தான் காட்டுகிறது. டெல்டாச் சேரியில் பிறந்து கேமராவைத் தொடப்போகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். தீயைப் பெரிசாகக் காட்ட மெனக்கெட வேண்டாம். நெருப்பை அவன்களும் காட்டுவான்கள். அதற்குப் பிறகு கதவைச் சாத்தப் பயந்த வீடுகளுக்குள் போங்கள். அங்கே தூங்காமல் கிடந்த பிள்ளை என்ன பார்த்தது என்று கேளுங்கள்.