வெள்ளைத் தாளும் பின்னணிக் காடும்

தாவர ஓவியத்துக்கு ஒரு பழைய ஒழுங்கு உண்டு. தாளின் நடுவே செடி, சுற்றிலும் வெறும் வெள்ளை. மண் கிடையாது, பூச்சி கிடையாது, பக்கத்துச் செடியின் நிழல்கூட விழாது. செடிக்குப் பெயரிட வரும் தாவரவியலாளருக்கு இதுவே வசதி. உலர்த்தி அழுத்திய மாதிரியில் நிறம் போய்விடும், பூவும் தட்டையாகிவிடும். ஓவியத்தில் இரண்டும் நிற்கும்.

1909இல் இங்கிலாந்தில் பிறந்து 1952இல் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்த மார்கரெட் மீ இந்த ஒழுங்கில் கைதேர்ந்தவர். 1956 முதல் 1988 வரை 15 முறை அமேசான் காட்டுக்குள் போனார். களத்திலேயே பென்சிலால் வரைந்து, நிறத்தையும் செடியோடு ஒத்துப் பார்த்துக் குறித்துக்கொள்வார். அன்னாசிக் குடும்பத்துச் செடிகளில் அவருக்குத் தனிப் பிடிப்பு. முள்ளின் வளைவு, இலையடிச் சிவப்பு என எதிலும் அவசரம் தெரியாது. நியோரெகேலியா மார்கரெட்டே என ஒரு செடியே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் கையாண்ட குவாஷ் வண்ணம் ஒளி ஊடுருவாதது. தடித்த இலைகளுக்கு அது பொருந்துகிறது. மெல்லிய இதழ்களில் சற்றுக் கனத்துவிடுகிறது என்பது என் எண்ணம்.

பிற்காலத்தில் அவர் வெள்ளையை விட்டு, செடிக்குப் பின்னால் காட்டையும் வரையத் தொடங்கினார். ஒழுங்கை மீறிய இந்த அடியில்தான் அவருடைய பலமும் பலவீனமும் சேர்ந்து இருக்கின்றன.

1988 மே மாதம், ரியோ நீக்ரோ ஆற்றின் வெள்ளக்காட்டில் படகின் கூரைமேல் உட்கார்ந்து அவர் வரைந்த நிலாப்பூவை எடுத்துக்கொள்வோம். செலினிசீரியஸ் விட்டி என்ற கள்ளி அது. ஒரே இரவில் மலர்ந்து விடியலில் வாடிவிடும். (நம் வீடுகளில் பிரம்ம கமலம் என்று வளர்க்கும் செடியும் இதே கள்ளிக் குடும்பம்தான், அதற்காக இரவு கண்விழித்தவர்களுக்கு மீயின் பொறுமை புரியும்.) நீண்ட குழலும் வெண்ணிற இதழும் கொண்ட பூவை வெள்ளைத் தாளிலும் காட்டிவிடலாம். இலைபோலத் தட்டையான தண்டு ஏன் மரத்தோடு ஒட்டிப் படர்கிறது, ஆற்றுநீர் அதற்கு ஏன் வேண்டும் என்பதை அங்கே காட்ட முடியாது. இதன் விதைகள் மிதக்கும். வெள்ளம்தான் அவற்றைப் பரப்புகிறது. மரமும் நீரும் இல்லாமல் வரைந்தால் செடியின் பாதிச் செய்தி விடுபட்டுப்போகும். இங்கே பின்னணி அலங்காரம் அல்ல, தாவரவியல்.

எல்லா ஓவியத்துக்கும் இதைச் சொல்ல முடியவில்லை. சிலவற்றில் பின்னால் தெரியும் காடு சாம்பல்பச்சை மூட்டமாக, நாடகக் கொட்டகையின் தொங்கும் திரைபோல நிற்கிறது. அது வெள்ளம் ஏறும் காடா, மேட்டு நிலக் காடா என்று அதைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. செடி துல்லியமாக இருக்க, அது வாழும் இடம் பொதுவானதாகிவிடுகிறது.

இன்னும் பெரிய குறை ஒன்று. மரம் வெட்டுவதையும் காட்டை எரிப்பதையும் அவர் நாட்குறிப்புகளில் கோபத்தோடு எழுதினார், பேசவும் செய்தார். ஓவியங்களிலோ கரியும் இல்லை, வெட்டுக்கட்டையும் இல்லை, படகு செலுத்திய உள்ளூர்க்காரர்களும் இல்லை. மனிதக் கை படாத காடாகவே அது பார்வைக்கு வருகிறது. அழகைக் காட்டினால் மக்கள் காப்பாற்றுவார்கள் என்று அவர் நம்பியிருக்கலாம். அந்த நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுத்தாலும், ஆவணம் என்ற வகையில் அந்தப் படங்கள் காட்டின் கதையில் பாதியை மறைத்துவிட்டன.

இனம் பிரித்தறிய அவருடைய வெள்ளைத் தாள் ஓவியங்களே இன்றும் நம்பகமானவை. செடியும் இடமும் ஒன்றையொன்று விளக்குவதில் நிலாப்பூவுக்கு இணையாக அவர் வேறொன்றை வரையவில்லை. அதை வரைந்த அதே 1988 நவம்பரில் அவர் இங்கிலாந்தில் சாலை விபத்தில் இறந்தார். அவருடைய அமேசான் ஓவியங்கள் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் இருக்கின்றன. எரிந்த காட்டை அறிய விரும்புகிறவர்கள் அவருடைய நாட்குறிப்பைத்தான் புரட்ட வேண்டும்.